உப்புக்கு நீலம்!

மரக்காணம் உப்பளம். உச்சி வெயில். வானத்துக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என மூன்று எக்ஸ்போஷர் எடுத்து, ராத்திரி கம்ப்யூட்டரில் ஒன்றாக்கினேன். ஆஹா, பளிச்!

1850களில் பிரான்ஸின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கும் வானத்துக்கும் தனித்தனி நெகட்டிவ் எடுத்து ஒட்டினார். அவருக்குக் கலர் வம்பு இல்லை. எனக்கு இருந்தது.

மறுநாள் உப்பு வாரும் அக்காவிடம் காட்டினேன்.

"ஏன் தம்பி, நீலம் போட்டியா? இது பழுப்பு உப்பு. இவ்ளோ வெளுப்பா இருந்தா நல்ல வெலை கெடைச்சிருக்குமே!"

சுருக்கென்றது. ஒயிட் பேலன்ஸை 'ஆட்டோ'வில் விட்டிருந்தேன். படத்துக்குப் படம் எது வெள்ளை என்று கேமராவே தீர்ப்பு சொல்லியிருக்கிறது!

இந்த முறை அதே வெயிலில் சாம்பல் அட்டை வைத்து, ஒயிட் பேலன்ஸைப் பூட்டி, மூன்றையும் எடுத்தேன். பழுப்பு, பழுப்பாகவே வந்தது.

"இதான் எங்க உப்பு" என்ற அக்கா, ஒரு பிரிண்ட் கேட்டார்.