ஏரிக்கரைப் புல்வெளி

கானடா தேசத்தின் மேற்கிலே சாஸ்கட்சவான் என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் தென்பகுதி முழுதும் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை. மாகாணத் தலைநகரான ரெஜைனாவில், வஸ்கானா ஏரிக்கரையில் 1912-ல் கட்டி முடித்த சட்டசபை மாளிகையைக் காணச் சென்றோம். மாளிகையின் கம்பீரத்தைவிட, அதன் முன்னுள்ள புல்வெளியே நம்மை அதிக நேரம் நிறுத்தி வைத்தது. ஜனங்களின் அபிப்பிராயம் எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு அந்தப் புல்வெளி சாட்சி.

டாமி டக்ளஸ் என்பவர் சிறு வயதில் எலும்பு நோயால் காலை இழக்கும் தறுவாயில் இருந்தார். ஒரு நிபுணர் காசு வாங்காமல் சிகிச்சை செய்து காப்பாற்றினார். ஏழைப் பிள்ளையின் கால் அதிர்ஷ்டத்தை நம்பி இருக்கலாகாது என்பது அவர் பிற்காலத்தில் கொண்ட உறுதி. 1944-ல் அம்மாகாண முதன்மந்திரியானார். 1947-ல் ஆஸ்பத்திரிச் செலவைச் சர்க்கார் ஏற்கச் செய்தார். அடுத்தபடி, டாக்டர்களின் கட்டணத்தையும் சர்க்காரே செலுத்த வேண்டும் என்றார்.

டாக்டர்கள் சீறினார்கள். தாங்கள் சர்க்கார் சிப்பந்திகளாகிவிடுவோம் என்று அஞ்சினார்கள். நோயாளிகளும் கலங்கினார்கள். 1962 ஜூனில் நடந்த தேசியத் தேர்தலில் டக்ளஸை ரெஜைனா வாக்காளர்களே தோற்கடித்தனர். ஜூலை 1-ந் தேதி திட்டம் அமலுக்கு வந்தது. அன்றே பெரும்பாலான டாக்டர்கள் வைத்திய சாலைகளை மூடினர். ஜூலை 11-ந் தேதி எதிர்ப்பாளர்கள் இந்தப் புல்வெளியில் கூடினார்கள். பல்லாயிரம் பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள்; சில ஆயிரம் பேரே வந்தனர். டக்ளஸுக்குப் பின் முதன்மந்திரியான உட்ரோ லாயிட், முன்னாள் பள்ளி ஆசிரியர், அசையவில்லை. பிரிட்டனிலிருந்து டாக்டர்கள் வரவழைக்கப்பட்டனர். ஜூலை 23-ந் தேதி சாஸ்கட்டூன் நகரில் சமரசம் ஏற்பட்டது: டாக்டர்கள் சுதந்திரமாகவே தொழில் நடத்தலாம், பணம் கொடுப்பது மட்டும் சர்க்கார்.

1964-ல் ஜனங்கள் லாயிட் கட்சியை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆயினும் புதிதாக வந்த சர்க்கார் திட்டத்தை ஒழிக்கவில்லை. இரண்டே வருஷத்தில் குடும்பங்கள் அதன் ருசியை அறிந்துவிட்டன! 1966-ல் பார்லிமெண்டு சட்டம் இயற்ற, 1972-க்குள் கானடாவின் எல்லா மாகாணங்களும் இதைக் கைக்கொண்டன. 2004-ல் அத்தேசத்து ஒலிபரப்புக் கழகம் தலைசிறந்த கானடியர் யார் என்று ஜனங்களைக் கேட்டபோது, ரெஜைனாவில் தோற்ற அதே டக்ளஸைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

குறைகள் இல்லாமலில்லை. நிபுணரைக் காணவும் சத்திர சிகிச்சைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. பல் வைத்தியமும் மருந்தும் எல்லோருக்கும் முழுமையாகக் கிட்டுவதில்லை. இவற்றைச் சொல்லிக் கானடியர் கடுமையாகவே முறையிடுகிறார்கள். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் கேட்பது வீட்டைச் செப்பனிட வேண்டும் என்றுதான். இடிக்க வேண்டும் என்று அல்ல.

கூட்டத்தின் கூச்சலை மட்டும் கேட்டு முடிவு செய்திருந்தால், 1962-லேயே இத்திட்டம் மாண்டிருக்கும். மேடைப் பிரசங்கங்கள் செய்ய முடியாததை, நோயாளி வீட்டுக்குப் பில் வராத ஒரு மாதம் செய்து முடித்தது. நல்ல காரியத்தைத் தொடங்குவோர் முதல் வருஷத்து வசவுக்கு அஞ்சலாகாது.