வடக்கன்குளம் கற்றுத்தந்த பந்தி

திருத்தலங்களைத் தரிசிக்கச் சென்று மனமாற்றம் பெற்றுத் திரும்புவோர் பலர். நாமோ ஒரு சமையற்காரரைத் தேடிச் சென்று, கையோடு கொண்டுபோன திட்டத்தைக் கிழித்தெறிந்துவிட்டுத் திரும்பினோம். அந்தப் பயணத்தைப் பற்றியே இவ்விதழின் வாசகக் குடும்பங்களோடு சிறிது உரையாட விழைகிறோம்.

நம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையின் கிளை ஒன்று உண்டு. 1833-ஆம் ஆண்டு பாரீஸ் நகரில், இருபது வயது மாணவராயிருந்த பிரெடரிக் ஓசானாம் தம் நண்பர்கள் சிலரோடு தொடங்கிய சபை அது. ஏழை நம்மைத் தேடி வரட்டும் எனக் காத்திராமல், ஏழையின் வீட்டைத் தேடி நாம் செல்ல வேண்டும் என்பதே அச்சபையின் வழி. நம் பங்கின் சபையினரும் மாதந்தோறும் 41 முதியோரின் இல்லங்களுக்கு அரிசியும் மருந்தும் கொண்டுசெல்கின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கைம்பெண்கள்; பிள்ளைகள் இருந்தும் தனித்து வாழ்வோர் சிலர். சென்ற சில ஆண்டுகளில் மருந்தின் விலை ஏறியதே ஒழிய, உண்டியலின் கனம் ஏறவில்லை. ஆகவே, செப்டம்பர் 27-ஆம் நாள் வரும் புனித வின்சென்ட் தே பவுல் திருநாளை அடுத்த ஞாயிறன்று விருந்து ஒன்று நடத்தி, அதில் சேரும் பணத்தைக் கொண்டு ஓராண்டு மருந்துச் செலவை ஈடுகட்டுவது என முடிவாயிற்று.

விருந்துத் திட்டத்தை வரைந்தவர் வேறு யாருமல்லர், நாமே. ஐயாயிரம் ரூபாய் கொடுப்போர்க்கு மண்டபத்தினுள் மேசை, நாற்காலி, மின்விசிறி, ஆட்டுக்கறியுடன் சாப்பாடு. ஐந்நூறு ரூபாய் கொடுப்போர்க்கு வெளியே பந்தலில் கோழிக்குழம்பு. நூறு ரூபாய்ச் சீட்டு வாங்குவோர்க்கு அதன் பின்னர் சாம்பாரும் கூட்டும். முதியோர் 41 பேருக்கும், பந்திகளெல்லாம் முடிந்தபின் எஞ்சுவதைப் பொட்டலமாகக் கட்டி வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றும் எழுதியிருந்தோம். வசதி படைத்த அன்பர் ஒருவர், தம் குடும்பத்தார்க்கு மண்டபத்தில் முதல் வரிசையைத் தனியே ஒதுக்கினால் பெருந்தொகை ஒன்று தருவதாக வாக்களித்திருந்தார். அதற்கும் நாம் இசைந்திருந்தோம். எல்லாம் ஏழைகளுக்காகத்தானே என்று மனச்சான்றுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டோம்.

இனிச் சமையலுக்கு ஆள் வேண்டும். வடக்கன்குளத்தருகே வாழும் தவசிப்பிள்ளை ஒருவர் கைப்பக்குவத்திலும் நாணயத்திலும் பெயர் பெற்றவர் எனக் கேள்வியுற்று, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அச்சாரம் கொடுத்துவரப் புறப்பட்டோம். உபதேசியாரும், சபைத் தலைவராகிய ஓய்வுபெற்ற ஆசிரியரும் உடன் வந்தனர்.

திருநெல்வேலியைக் கடந்து தெற்கே செல்லச் செல்ல, மேற்குத் தொடர்ச்சி மலை வலப்புறத்தில் நெருங்கி வருகிறது. வள்ளியூரும் பணகுடியும் தாண்டியபின் காற்றுக்குத்தான் அங்கே ஆட்சி. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாய்ந்துவரும் ஆடிக்காற்றில் பனைகளெல்லாம் ஒரே திசையில் தலை சாய்த்து நின்றன. அவற்றிற்கு மேலே வெண்ணிறக் காற்றாலைகள் நூற்றுக்கணக்கில் சுழன்றுகொண்டிருந்தன. காவல்கிணறு சந்திப்பில் கிழக்கே திரும்பினோம். சிறிது தொலைவில் வடக்கன்குளம் வந்துவிட்டது.

தவசிப்பிள்ளை வீட்டில் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு சடங்கு வீட்டுச் சமையலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவியார் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "மத்தியானத்துக்கு மேலதான் வருவாக. அதுவரைக்கும் கோயிலைப் பாத்துட்டு வாங்க, சாமி" என்றார். அவ்வாறே திருக்குடும்ப ஆலயத்தை நோக்கி நடந்தோம்.

வடக்கன்குளத்தின் பெயரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் இரார். திருவிதாங்கூர் அரச சேவையில் இருந்த நீலகண்டர், குளச்சல் போரில் 1741-இல் சிறைப்பட்டுப் பின்னர் அவ்வரசின் படைத்தலைவரான தெலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்து, 1745-ஆம் ஆண்டு மே மாதம் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது இவ்வூரில்தான். அவருக்குத் திருமுழுக்கு அளித்தவர் சேசு சபைக் குருவாகிய புத்தாரி அடிகளார். உயர்ந்தவர், தாழ்ந்தவர் என்னும் வேறுபாடு பாராமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார் என்பது அவர்மீது பகை மூண்ட காரணங்களுள் ஒன்று. ஆண்டுக்கணக்கில் வதைக்கப்பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் முதற் புனிதர் அவரே. அவருடைய உடல் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் அடங்கியுள்ளது. அவருக்குப் பின் தனித்து வாழ்ந்து மறைந்த மனைவி ஞானப்பூ அம்மையாரின் உடல் இந்த வடக்கன்குளத்து மண்ணில் அடங்கியுள்ளது. அவரும் ஒரு கைம்பெண்ணே என்ற எண்ணம் அப்போது நமக்குத் தோன்றவில்லை, பிற்பகலில்தான் தோன்றிற்று.

ஆலயத்தின் கதை நம் நெஞ்சைச் சுடுவது. 1872-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட அவ்வாலயத்தைப் போன்ற அமைப்பை வேறிடத்தில் காண்டல் அரிது. பீடம் ஒன்று, அதன் முன்னே மக்கள் நிற்கும் நெடுங்கூடங்கள் இரண்டு. பீடத்தருகே ஒன்றாய்த் தொடங்கிக் கால்சட்டையின் இரு கால்கள் போலப் பிரிந்து விலகிச் செல்லும் அமைப்பு அது. இரு சாதியார் ஒரே திருப்பலியைக் காணவேண்டும். ஆனால் ஒருவரையொருவர் காணலாகாது. இடையே ஒரு சுவரும் எழுப்பப்பட்டது. சாதிகளின் பெயரை இங்கே எழுதவேண்டுவதில்லை. பெயர்கள் மாறினும் நோய் ஒன்றே. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அதற்கு 127 ஆண்டுகளுக்குப் பின், இத்தகைய ஆலயம் எழுந்தது.

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நின்ற அச்சுவரை 1910-இல் இடித்தவர் கௌசானல் அடிகளார். பாளையங்கோட்டையில் 1903-ஆம் ஆண்டு திரு இருதய சகோதரர் சபையை நிறுவியவரும் அவரே. சுவர் எளிதில் வீழ்ந்துவிடவில்லை. தனியிடம் தங்கள் உரிமை என்று கருதியோர் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. அங்கும் அவர்கள் வெற்றி பெறவில்லை.

பீடத்தின் முன் முழந்தாளிட்டு எழுந்து, மக்கள் நிற்கும் பக்கமாகத் திரும்பிப் பார்த்தோம். திருப்பலி நிறைவேற்றும் குரு ஒருவர் அங்கு நின்று எதைக் கண்டிருப்பார்? இரு கூடங்களும் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். சுவர் மக்களுக்குத்தான் மறைப்பு, குருவுக்கு மறைப்பில்லை. எல்லாவற்றையும் கண்டுகொண்டேதான் எத்தனையோ குருக்கள் அங்கே திருப்பலி நிறைவேற்றியிருக்கின்றனர். இதை எண்ணியபோது அவர்கள்மீது நமக்குச் சற்றே கோபம் வந்தது. அக்கோபம் ஒரு மணி நேரங்கூட நிலைக்கவில்லை.

பிற்பகல் இரண்டு மணியளவில் தவசிப்பிள்ளை வந்து சேர்ந்தார். எழுபதை நெருங்கிய வயது, தோளில் துண்டு, கைகளில் பழைய தீக்காயத் தழும்புகள்.

"எத்தனை பேரு, சாமி?"

"அறுநூறு பேர் என்று கணக்கிட்டிருக்கிறோம், அண்ணாச்சி."

"எத்தனை பந்தி?"

நாம் பெருமையோடு திட்டத்தை எடுத்து நீட்டினோம். கண்ணாடி இல்லையென்று அவர் சொல்லவே, உபதேசியார் உரக்கப் படித்தார். தவசிப்பிள்ளை இடைமறிக்காமல் கேட்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி வேணும். அறுநூறு பேருக்கு எழுபத்திரண்டு. ஒரே சாப்பாடுன்னா எனக்கு ஒரே கணக்கு. ஒரு பந்தியில குறைஞ்சா அடுத்த அண்டாவுல இருந்து எடுத்துக்கிடலாம். மூணு விதச் சாப்பாடுன்னா மூணு அடுப்பு, மூணு கூட்டம் ஆளு, மூணு மடங்கு விறகு. ஒரு குழம்பு தீர்ந்துபோகும், இன்னொண்ணு மிஞ்சி வீணாப்போகும். நீங்க பிரிக்கிற துட்டுல பாதி அடுப்புக்கே போயிரும், சாமி."

சபைத் தலைவர் அங்கேயே குறிப்பேட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையசைத்தார். வாடகை நாற்காலியும் மேசையும் வேறு இருந்தன. தவசிப்பிள்ளை விடவில்லை.

"இந்த விருந்து யாருக்காக, சாமி?"

"ஆதரவற்ற முதியோர்க்காக."

"அவுக எந்தப் பந்தியில உக்காருவாக?"

நாம் விடையிறுக்கவில்லை. உபதேசியார் காகிதத்தை மடித்து நம் கையில் தந்தார். அந்த மனிதர் நம்மைக் குற்றஞ்சாட்டவில்லை. சமையற்காரர் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். முற்பகலில் பீடத்தின் முன் நின்று, சுவரைக் கண்டும் காணாதிருந்த குருக்களைக் கோபித்துக்கொண்ட நாம், நம் கைப்பட மூன்று சுவர்களை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தோம்! சாதியின் இடத்தில் பணத்தை வைத்தோம்; வேறுபாடு அவ்வளவே. கைம்பெண்களையோ எந்தக் கூடத்திலும் சேர்க்காமல், வாசலுக்கு வெளியே பொட்டலத்தோடு நிறுத்திவிட்டோம்.

திரும்பும் வழியில் வண்டியில் அதிகம் பேச்சில்லை. குருமடத்தில் பயின்ற காலத்தில் மனப்பாடமாய் அறிந்திருந்த பகுதிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கொரிந்து நகரத்துச் சபையார் ஆண்டவரின் விருந்துக்காகக் கூடியபோது, வசதியுள்ளோர் முந்தி உண்டு நிறைய, இல்லாதோர் பசித்திருந்தனர். அதனைப் பவுலடியார் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! எருசலேமில் அன்றாடப் பகிர்வின்போது ஒரு சாரார்தம் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறையீட்டிலிருந்தன்றோ திருத்தொண்டர் எழுவரின் பணி பிறந்தது! விருந்து வைப்பவன் கைம்மாறு செய்ய இயலாதவரை அழைக்கட்டும் என்றவர் நம் ஆண்டவர். விருந்தைப் பற்றித் திருச்சபைக்கு இத்தனை பாடம் இருக்க, நாம் மட்டும் ஏதோ திருமண மண்டபத்து வழக்கத்தைப் பார்த்துத் திட்டம் தீட்டியிருந்தோம்.

மறுநாள் திருப்பலிக்குப்பின் குழுவைக் கூட்டினோம். தவறு நம்முடையது என்று முதலிலேயே சொல்லிவிட்டோம். அதன்பின் முடிவுகள் எளிதாயின. சாப்பாடு ஒன்றே; பந்தல் ஒன்றே; எல்லார்க்கும் தரையில் பாய், வாழை இலை. முழங்கால் மடக்க இயலாத முதியோர்க்கு மட்டும் பலகை. விலைச்சீட்டு இல்லை. வீட்டுக்கு ஓர் உறை கொடுத்து, இயன்றதைப் பெயர் எழுதாமல் இட்டுத் தரச் சொல்வது. அரிசி, காய்கறி, விறகு, இலை அனைத்தையும் பொருளாகவே கேட்டுப் பெறுவது. அதனால் உறைகளில் வரும் பணம் குறையாமல் மருந்துக்குப் போய்ச் சேரும். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைத் தனியொருவர் கையில் விடாமல், ஒருவரும் குறை சொல்லாதபடி பலரைச் சேர்த்தனுப்பிய பவுலடியாரின் வழக்கப்படி, மூவர் ஒன்றாய் அமர்ந்து உறைகளைப் பிரித்து, கணக்கை அடுத்த ஞாயிறே கோயில் பலகையில் ஒட்டுவது.

முன்வரிசை கேட்ட அன்பரின் இல்லத்துக்கு நாமே சென்று நிலைமையை எடுத்துரைத்தோம். அவர் மரியாதையோடு கேட்டார், பணம் தரவில்லை, விருந்துக்கும் வரவில்லை. அவர்மீது நமக்கு மனத்தாங்கல் இல்லை. முன்வரிசையைப் பணத்துக்கு விற்க இசைந்தவர் நாமல்லவா?

விருந்தன்று முதல் பந்தியில் 41 முதியோரும் கலந்து அமர்ந்தனர். அவர்களுக்கென்று தனி வரிசை வைக்கவில்லை. இரு குடும்பங்களுக்கு இடையே ஒருவராக, இளைஞர்கள் கைப்பிடித்து அமர்த்தினர். கணவர் மறைந்த நாள்முதல் எந்த விருந்துப் பந்தியிலும் உட்கார்ந்ததில்லை என்று ஒரு பாட்டி சொன்னார். இன்னொருவர் உண்டு முடித்ததும் பழக்கத்தால் தம் இலையோடு பக்கத்து இலையையும் எடுக்கக் குனிந்தார். பக்கத்தில் இருந்த அரசு அலுவலர் அவரைத் தடுத்து, இரண்டு இலைகளையும் தாமே எடுத்துச் சென்றார். அவரை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கணக்கையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் எண்ணிய தொகை வரவில்லை. பன்னிரண்டு மாத மருந்துக்குத் திட்டமிட்டோம். பத்து மாதத்துக்கே கிடைத்தது. எஞ்சிய இரு மாதத்துக்கு என்ன செய்வது என்று சபையார் கவலையுற்றிருந்த வேளையில், பந்தியில் முதியோர் பக்கத்தில் அமர்ந்த குடும்பங்கள் சில தாமாகவே அவர்கள் வீட்டுக்குச் சென்றுவரத் தொடங்கியிருந்தன. இரு மாதக் குறை முழுதும் தீர்ந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் இப்போது அக்கவலை சபையாருடையது மட்டுமன்று.

உங்கள் பங்கிலும் அறப்பணிக்காக விருந்து நடத்தும் எண்ணம் இருக்கலாம். அரிசிக் கணக்கும் அடுப்புக் கணக்கும் போடுமுன், யாருக்காக விருந்தோ அவர் எங்கே அமர்வார் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவற்றை ஒரு நல்ல தவசிப்பிள்ளை பார்த்துக்கொள்வார். வாய்ப்புக் கிடைக்கும்போது ஒருமுறை வடக்கன்குளம் சென்று, அப்பீடத்தின் முன் நின்று திரும்பிப் பாருங்கள். சுவர் இப்போது அங்கே இல்லை. நம்மிடம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அருளைப் புனித தேவசகாயம் நமக்குப் பெற்றுத் தருவாராக.