மஞ்சப்பையும் மஞ்சக் கடுதாசியும்

நம் ஊரில் ஒருத்தர் புது டி-ஷர்ட் போட்டுக்கொண்டு சனிக்கிழமை ஆபீசுக்கு வந்தால், ‘நல்லா இருக்கே’ என்று யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள். காலரைப் பிடித்துத் திருப்பி உள்ளே இருக்கிற லேபிளைப் படிப்பார்கள். அப்புறம் கேள்வி வரும்: ‘என்ன விலை?’

இதற்கு மரியாதையான பதில்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று, ‘ரெண்டாயிரத்தி ஐநூறு’. இன்னொன்று, ‘ரெண்டாயிரத்தி ஐநூறு, ஆஃபர்ல ஆயிரத்தி எழுநூறுக்கு அடிச்சேன்’. மூன்றாவது பதில் ஒன்று உண்டு. அது நான் சொல்வது.

‘இருநூத்தி ஐம்பது.’

சாம்பாரில் பல்லி கிடக்கிறது என்று சொன்ன மாதிரி ஒரு அமைதி. பிடித்திருந்த காலரை மெதுவாக விட்டுவிட்டுக் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொள்வார்கள். (விலை ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது!)

திருப்பூர் போகிற போதெல்லாம் காதர்பேட்டையில் ஒரு சுற்றுச் சுற்றாமல் நான் திரும்புவதில்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஆர்டர் கொடுத்தால், சேதாரத்துக்கு என்று கொஞ்சம் கூடுதலாகவே தைப்பார்கள். அதில் மிஞ்சியது, கலர் அரை நூல் தூக்கலாகப் போனது, தையல் ஒரு இடத்தில் கோணியது, கடைசி நேரத்தில் ஆர்டர் ரத்தானது... எல்லாம் குவியலாக அங்கே வரும். பொறுமையும் நல்ல கண்ணும் இருந்தால் போதும். அதே நூல், அதே மிஷின், அதே அக்கா தைத்தது. கப்பல் ஏறிப் போனால் கௌரவம், ஏறாமல் நின்றுவிட்டால் கேவலம்! கப்பல் ஏறுவதில் இவ்வளவு மகிமை இருக்கிறது என்று நம் தாத்தாக்களுக்குத் தெரிந்திருந்தால் கடல் தாண்டினால் தோஷம் என்று சொல்லியே இருக்க மாட்டார்கள்.

விலையைக் குறைத்து வாங்குவது கேவலம் என்றால் எல்லோருக்கும் கேவலமாக இருக்க வேண்டும் அல்லவா? அப்படி இல்லை. எங்கள் அதிகாரி கார் வாங்கும்போது மூன்று ஷோரூம் ஏறி இறங்கி, இன்ஷூரன்ஸில் கொஞ்சம், மேட் இலவசம், வாசலில் தொங்கவிட ஒரு பிள்ளையார் இலவசம் என்று கறந்துகொண்டு வந்தார். ‘சார் என்னமா நெகோஷியேட் பண்றார்!’ என்று ஆபீஸே வாய் பிளந்தது. அதே வாரம் நான் மதிய இடைவேளையில் நாலு தெரு தள்ளிப் போய்க் கிலோவுக்குப் பதினைந்து ரூபாய் குறைவாகத் தக்காளி வாங்கி வந்தேன். ‘கஞ்சப் பிசினாறி’ என்று பட்டம் கிடைத்தது. ஆக, லட்சத்தில் மிச்சம் பிடித்தால் சாமர்த்தியம். பத்து ரூபாயில் மிச்சம் பிடித்தால் பிசினாறித்தனம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். சிக்கனம் வேறு, கஞ்சத்தனம் வேறு. கூடை தூக்கி வருகிற கீரைக்காரம்மாவிடம் ரெண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஏ.சி. போட்ட கடையில் டேக்கில் இருக்கிற விலையை வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, அந்த ரோஷத்தை எல்லாம் வெளியே வந்து பிளாட்பாரத்தில் கர்சீப் விற்கிற பையனிடம் காட்டுகிறவர்கள்தான் நிஜமான கஞ்சர்கள். சிக்கனக்காரன் தன் செலவைக் குறைக்கிறான். கஞ்சன் அடுத்தவன் கூலியைக் குறைக்கிறான்.

இந்த வெட்கத்துக்கு ஒரு நிறம் உண்டு. மஞ்சள்.

கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்தால் கடைக்காரர் கொடுப்பது மஞ்சப்பை. கல்யாணத்தில் தேங்காய் வெற்றிலை பாக்குப் போட்டுக் கொடுப்பதும் மஞ்சப்பை. மங்களகரமான பை! அதை நன்றாகத் துவைத்து, காய்கறிக்கு, ரேஷனுக்கு, ஊருக்குப் போக என்று கிழியும் வரை வைத்திருப்பார்கள். எப்போது பாலிதீன் பை ஓசியில் கிடைக்க ஆரம்பித்ததோ, அன்றைக்குப் பிடித்தது சனி. ‘மஞ்சப்பை’ என்றாலே பட்டிக்காட்டான் என்று அர்த்தம் ஆகிவிட்டது. சினிமாவில் ஒரு ஆள் மஞ்சப்பையோடு சென்ட்ரலில் இறங்கினால், அடுத்த சீனில் அவரை யாரோ ஏமாற்றப் போகிறார்கள் என்று தியேட்டரில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அப்புறம் என்ன ஆயிற்று? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிகிற பிளாஸ்டிக்கிற்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசாங்கமே இயக்கம் ஆரம்பித்தது. அடுத்த வருஷம் கோயம்பேடு மார்க்கெட்டில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை கொடுக்கிற மிஷினே வைத்துவிட்டார்கள். அதே பையை இப்போது கண்காட்சியில், ஆங்கிலத்தில் நாலு வார்த்தை அச்சடித்து, நூற்றைம்பது ரூபாய்க்கு விற்கிறார்கள். அதை மாட்டிக்கொண்டு வருகிறவர் பட்டிக்காட்டான் இல்லை, சுற்றுச்சூழல் ஆர்வலர்!

கேழ்வரகும் கம்பும் இதே ரூட்டில் போனவைதான். ‘எங்க வீட்ல கேப்பைக் களி’ என்று சொல்ல ஒரு காலத்தில் கூச்சப்பட்டவர்கள் உண்டு. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு, அதே களியை டாக்டர் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டு சாப்பிடுகிறார்கள். ஆக, பொருளில் கேவலம் எதுவும் இல்லை. விலை ஏறினால் கேவலம் தானாக இறங்கிவிடுகிறது.

ரேஷன் கடைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ரேஷன் ஏழைகளுக்கு மட்டும் என்று சட்டம் இல்லை. யார் வேண்டுமானாலும் கார்டு வாங்கலாம். அரிசி கார்டுக்கு 2011-லிருந்து அரிசி இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. வெளியே பருப்பு நூறைத் தாண்டித்தான் பேசும். ஆனாலும் எங்கள் பில்டிங்கில் விசாரித்தால், ‘சேச்சே, ரேஷன் அரிசியெல்லாம் நாங்க தொடறதில்லை’ என்பார்கள். கொஞ்சம் பொறுத்துக் காத்திருங்கள். அடுத்த வரி வரும்: ‘இட்லிக்கு மட்டும் கொஞ்சம்... அந்த அரிசியிலதான் பூ மாதிரி வருது!’

இந்தக் கௌரவக்காரர்களுக்கு நான் ஒரு சரித்திரம் சொல்வது வழக்கம். திருவல்லிக்கேணியில் 1904-ல் ஒரு கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார்கள். நல்ல சரக்கை நியாய விலையில் உறுப்பினர்களுக்குக் கொடுப்பதுதான் நோக்கம். இன்றைக்கும் டி.யு.சி.எஸ். என்று இருக்கிறதே, அதேதான். அதை ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர் அங்கே ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டராக இருந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. ஆங்கிலப் பேச்சில் வெள்ளைக்காரனே அசந்துபோன மனுஷர். 1921-ல் பிரிவி கவுன்சிலர் ஆனார். அப்பேர்ப்பட்டவர் அரிசி பருப்பு விலையைப் பற்றிக் கவலைப்பட்டதில் அவர் கௌரவம் ஒரு இஞ்ச்கூடக் குறையவில்லை. நம்முடையது குறைந்துவிடுமாம்!

இதுவரை சிரிக்கிற விஷயம். இனிமேல் கொஞ்சம் சிரிக்காத விஷயம்.

எங்கள் ஆபீசில் ஒரு தம்பி. திருவாரூர் பக்கம் ஒரு கிராமம். இருபத்தாறு வயசு, கைக்கு 26,000 ரூபாய் வருகிறது. டி-ஷர்ட்டுக்கு விசாரணை நடத்துகிற ஹாலில் அவனுக்கும் சீட். முதல் மாசமே சட்டை விலை கேட்டார்கள். உண்மையைச் சொன்னான், சிரித்தார்கள். இரண்டாவது மாசத்திலிருந்து சிரிக்கிற மாதிரி அவன் எதுவும் போட்டுக்கொண்டு வரவில்லை. ஷூ, வாட்ச், போன்... எல்லாம் முதல் தரம். டிபன் பாக்ஸ் நின்றுபோய் ஆர்டர் பண்ணிச் சாப்பிட ஆரம்பித்தான். மூன்று கிரெடிட் கார்டு.

கார்டுக் கணக்கு எப்படி என்று தெரியாதவர்களுக்கு: 50,000 ரூபாய் பாக்கி, மாசம் 3.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி 1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315. ஆக மொத்தம் 2,065. அஞ்சு சதவீதம் கட்டினால் போதும் என்று 2,500 கட்டினால், அசலில் கழிவது 435 ரூபாய்! தம்பிக்கு இதே மாதிரி மூன்று. மாசம் 7,500 கட்டி 1,305 ரூபாயைக் கழித்துக்கொண்டிருந்தான். ஒரு மாசம் அதுவும் முடியவில்லை. போன் வர ஆரம்பித்தது. அவனுக்கு இல்லை, அவன் அப்பாவுக்கு.

ஒரு நாள் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். மாடிப்படிக்குப் பின்னால், ஜெனரேட்டர் பக்கத்தில் தம்பி ஒரு பெரியவரோடு நின்றுகொண்டிருந்தான். வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சப்பை. ராத்திரி பஸ் பிடித்து வந்திருக்கிறார். மேலே அழைத்து வர அவனுக்குக் கூச்சம். அவனை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தக் கூச்சத்தை ஊரிலிருந்து அவன் கொண்டு வரவில்லை. மேலே மூன்றாவது மாடியில் கற்றுக்கொடுத்தது.

பையில் எண்பதாயிரம் ரூபாய். ரெண்டு கறவை மாடு விற்ற பணம். வீட்டில் மாசச் செலவே அந்தப் பால் காசில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவரை டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் டீயையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்:

“ஏன் சார், இந்தக் கார்டுங்கிறது வட்டிக்கு விடுறதுதானே?”

“ஆமாங்க ஐயா.”

“அப்புறம் ஏன் அதுக்கு கோல்டு, பிளாட்டினம்னு பேரு வச்சிருக்கான்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், எல்லாப் பதிலும் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘வட்டிக் கடன் அட்டை’ என்று பேர் வைத்தால் யார் பர்ஸைத் திறந்து நாலு பேர் பார்க்கிற மாதிரி எடுத்து நீட்டுவார்கள்?

மகனிடம் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, “உன் கையில பஸ்ஸுக்குச் சில்லறை இருக்காடா?” என்று கேட்டார். தம்பி அப்போதுதான் அழுதான்.

திவாலாகிவிட்டேன் என்று கோர்ட்டில் மனுப் போட்டு அனுப்புகிற நோட்டீசுக்கு நம் ஊரில் மஞ்சக் கடுதாசி என்று பேர். அந்த டீக்கடை பெஞ்சில் எனக்கு ஒன்று புரிந்தது. மஞ்சப்பைக்கு வெட்கப்படுகிறவனை, மஞ்சக் கடுதாசி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடத்தான் இந்த ஊரில் அத்தனை வழியும் போட்டு வைத்திருக்கிறார்கள். பளபளவென்று விளக்குப் போட்ட வழி. அதில் காலை வைக்கும்படி தள்ளிவிடுவது வேறு யாரும் இல்லை. ‘என்ன விலை?’ என்று கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்களே, அவர்கள்தான். அந்தப் பிதுக்கலுக்கு ரெண்டு கறவை மாடு விலை.

தம்பி இப்போது இரண்டு கார்டைக் கத்தரித்துவிட்டான். மூன்றாவதில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது, கட்டிக்கொண்டிருக்கிறான். டிபன் பாக்ஸ் திரும்பி வந்துவிட்டது. மாடு இன்னும் வரவில்லை. ஒரு கன்றாவது வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தனியாக ஒரு உண்டியல் வைத்திருக்கிறான்.

அவனும் நானும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து சாஸ்திரியார் பாணியில் ஒரு சங்கம் மாதிரி வைத்திருக்கிறோம். மாசம் முதல் ஞாயிறு விடிகாலையில் கோயம்பேடு. வெங்காயம், உருளைக்கிழங்கு, தேங்காய் எல்லாம் மூட்டைக் கணக்கில் எடுத்து அஞ்சு பங்கு. திங்கள்கிழமை காலையில் ஆபீஸ் ஹாலில் அஞ்சு மஞ்சப்பை வரிசையாக நிற்கும். யார் வேண்டுமானாலும் விலை கேட்கலாம். உரக்கச் சொல்லுவோம். ஒரு ஆள் சொன்னால் கஞ்சன். அஞ்சு பேர் சேர்ந்து சொன்னால் அதற்குப் பேர் திட்டம்!

முதல் மாசம் சிரித்தார்கள். இரண்டாம் மாசம் சிரித்துக்கொண்டே வெங்காயம் என்ன விலை என்று குறித்துக்கொண்டார்கள். போன மாசம் எங்கள் அதிகாரி என்னைக் கேபினுக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலைக்கு உலை வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“அடுத்த தடவை எனக்கும் ஒரு பங்கு போடுங்க. ஆனா லிஸ்ட்ல என் பேரு வேண்டாம்.”

போட்டுவிட்டோம். கணக்கு நோட்டில் ஆறாவது பங்குக்காரர் பெயர், ‘திருவாளர் பூசணிக்காய்’.