முட்டையிடாத நாட்கள்

கோழிக்கும் கவலை உண்டு என்றால் நம்புவீர்களா, தோழியரே? எங்கள் வீட்டில் நான்கு நாட்டுக்கோழிகள் உண்டு. முட்டை விற்ற காசில்தான் அக்கா தங்கையர் எங்கள் மூவருக்கும் நோட்டுகள் வரும். ஆகவே முட்டை நின்றால் வீட்டிலும் கவலைதான்.

சென்ற ஆண்டு சித்திரையில் மூத்த பெட்டையான கருப்பி முட்டையிடுவதை நிறுத்தியது. கழுத்திலும் முதுகிலும் இறகுகள் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. "இனி இது தேறாது, கறிக்கடைக்குக் கொடுத்துவிடலாம்" என்றார்கள் அப்பா. அம்மா ஒரு வாரம் தவணை கேட்டார்கள். நாங்கள் கருப்பியைக் கூடையில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

"இது நோயன்று" என்று அவர் விளக்கினார். பகல் பொழுது குறையும் மாதங்களில் கோழி பழைய இறகைக் கழித்துப் புதியது அணிவது இயற்கை. தலையில் தொடங்கி வால்வரை உதிர்ந்து முளைக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். இறகு பெரும்பாலும் புரதமே. தீனியின் சத்து அதற்கே போய்விடுவதால் முட்டைக்கு மிஞ்சுவதில்லை. ஆனால் காலம் தப்பிக் கோடையில் உதிர்ந்தால் கடும் வெக்கை, தாகம், பயம், இடமாற்றம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று அதை வருத்துகிறது என்று பொருள்.

காரணம் எங்களுக்கு விளங்கிற்று. கூண்டின் மேல் தகரம் கொதித்தது. இரவில் தெருநாய் வந்து கூண்டைப் பிறாண்டியது. தகரத்தின் மேல் தென்னங்கீற்று வேய்ந்தோம். கூண்டைத் திண்ணையோரம் நகர்த்தினோம். மண்சட்டியில் குளிர்ந்த நீரும், தவிட்டுடன் கடலைப் புண்ணாக்கும் கரையானும் வைத்தோம். ஆடியில் கருப்பி பளபளக்கும் இறகோடு மீண்டும் முட்டையிட்டது.

அடுத்து செம்பி அடையில் உட்கார்ந்தது. கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக் கொத்த வந்தது. "தண்ணீரில் முக்குங்கள், மூக்கில் இறகைச் செருகுங்கள், அடை தெளிந்துவிடும்" என்றனர் அக்கம்பக்கத்தார். எங்களுக்கு மனம் வரவில்லை. மறுபடியும் மருத்துவரிடமே கேட்டோம். அடைக்குக் காரணம் புரோலாக்டின் என்னும் சுரப்பு. 1935-இல் அமெரிக்காவில் ஆஸ்கர் ரிடில் குழுவினர் அதைக் கோழிகளுக்கு ஊசியில் ஏற்றி அடையில் உட்காரச் செய்தார்களாம். அடை தெளிய வேண்டுமானால் துன்புறுத்தத் தேவையில்லை. வெளிச்சமும் காற்றும் உள்ள கூண்டில், அடைப்படுக்கை இல்லாமல், தீனியும் நீரும் தந்து சில நாள் வைத்தாலே போதும்.

முட்டைக் காசா, குஞ்சா என்று வீட்டில் பேச்சு எழுந்தது. "இந்த முறை குஞ்சு பொரிக்கட்டும்" என்று அப்பாவே முடிவு சொன்னார்கள். இருட்டான மூலையில் பதினோரு முட்டைகள் வைத்தோம். அடைக்கோழி மிரண்டால் முட்டைகளைக் கைவிட்டுவிடும் என்பதால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. நாளுக்கொரு முறை எழுந்து இரை தின்று திரும்பியது செம்பி. இருபத்தோராம் நாள் ஒன்பது குஞ்சுகள்!

முட்டையில்லாத நாட்களில் கோழி சும்மா இருக்கவில்லை, தோழியரே. ஒரு சமயம் இறகு நெய்கிறது. ஒரு சமயம் உயிர் காக்கிறது. வேண்டிய நிழலையும் அமைதியையும் தந்து காத்திருப்பதே நம் பங்கு.