லண்டன் சாமான்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எனாமல் தூக்குக்கும் தேக்குத் தூணுக்கும் பேரம் பேசத் தெரிந்தவர்கள்கூட, பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி என்றால் சொன்ன விலைக்கே மயங்கிவிடுகிறார்கள். "ஐயா ரங்கூன்லேருந்து கொண்டாந்தது, லண்டன் சாமான்" என்பார் விற்பவர். அது பொய்யல்ல, அவர் கேட்டு வளர்ந்தது அவ்வளவுதான்.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால், உரிமம் உள்ள நண்பர்கள் குழலில் உள்ள எழுத்தைப் படித்துச் சொல்லக் கேட்பார்கள். 'அசியே கொக்கெரில்' என்றிருந்தால் அது செய்தவர் பெயரல்ல; 'கொக்கெரில் எஃகு' என்று பொருள். பெல்ஜியத்து ஆலையின் எஃகு. முட்டை வடிவக் கோட்டுக்குள் ஈ, எல், ஜி எழுத்துகள் இருந்தால் அங்குள்ள லியேஜ் நகரில் சோதித்த முத்திரை. அதன்மேல் கிரீடம் இருந்தால் 1893க்கு முந்தியதல்ல. பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் என்று நினைக்கட்டும் என்றே 'டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்' என்று பொறித்த பெல்ஜியத் துப்பாக்கிகளும் உண்டு.

பணம் போனால் சம்பாதிக்கலாம், கை போனால் வராது. குழலில் நெளிநெளியாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ் குழல். இரும்பையும் எஃகையும் முறுக்கிச் சுற்றி ஒட்டியது, கரிமருந்துக் காலத்தது. இன்றைய தோட்டாவைப் போட்டால் குழலே வெடிக்கக்கூடும்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய துப்பாக்கியை உரிமமில்லாமல் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஆகவே முதலில் உரிமத்தைப் பாருங்கள், அடுத்து முத்திரையைப் பாருங்கள். தாத்தா கதையைக் கடைசியில் கேளுங்கள். ஆனால் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.