மரபுவழிச் சாரணியம் பிரிந்த கதை

பிரிட்டனின் சாரணர் சங்கம் 1966-இல் வெளிவந்த சீர்திருத்த அறிக்கையை ஏற்று, அரைக்கால்சட்டையையும் அகன்ற விளிம்புத் தொப்பியையும் கைவிட்டதோடு, சேவையும் நெடுநடையும் பயின்ற வளர்ந்த இளைஞர்களின் பிரிவான திரிசாரணர் பிரிவையும் கலைத்தமையால், சாரணியத்தின் நிறுவனர் பேடன் பவல் 1908-இல் வெளியிட்ட கையேட்டின் நெறியிலேயே நிற்க விரும்பியோர் 1970-இல் அவர் பெயரால் தனிச் சங்கம் கண்டனர். இத்தகைய அமைப்புகளின் இயக்கமே மரபுவழிச் சாரணியம் எனப்படுகிறது. உடை பற்றிய பிடிவாதமாக இப்பிளவு தோன்றினாலும், திரிசாரணர் பிரிவின் மறைவே மெய்யான இழப்பு எனலாம். ஏனெனில் பள்ளிப்பருவம் கடந்தபின்னும் இளைஞர் இயக்கத்தில் நீடித்துத் தொண்டாற்ற அதுவே இடமளித்து வந்தது. இவ்வாறு பிரிந்து நின்ற சங்கங்கள் பலவற்றை இணைக்கும் சுயேச்சைச் சாரணர் உலகக் கூட்டமைப்பு 1996-இல் ஜெர்மனியில் உருவாயிற்று.