சூரியனுக்குக் கணக்கு எழுதும் ஊர்

கோடைக்கானலுக்குப் போகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், காலேஜ் டூர் பையன்கள், ஆபீஸில் கொடுத்த எல்.டி.சி. லாப்ஸ் ஆகிவிடுமே என்று குடும்பத்தோடு ஓடி வருகிறவர்கள். நான் நாலாவது ரகம். சூரியனைப் பார்ப்பதற்காகவே கோடைக்கானல் போனவன்!

"சூரியன்தானே? மெட்ராஸ்லயே தாராளமா கெடைக்குமே மாமா! மே மாசம் மொட்டை மாடிக்குப் போனா போதாதா?" என்றான் என் மச்சினன். என்றானே தவிர, குரங்குக் குல்லாயும் ரெண்டு பாக்கெட் முறுக்குமாக முதல் ஆளாக பஸ் ஏறிவிட்டான். அவனுக்கு போட்டிங், ஹோம்மேட் சாக்லேட். எனக்குச் சூரியன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 2024 மே 10, வெள்ளிக்கிழமை ராத்திரி. அன்று பூமியைச் சூரியப் புயல் ஒன்று தாக்கியது. 2003-க்குப் பிறகு அவ்வளவு பலமான புயல் வந்ததில்லை. ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் வானம் பச்சையும் சிவப்புமாக ஜொலித்தது. நம் லடாக்கில் ஹான்லே என்ற ஊரில்கூட வானம் சிவந்து, போட்டோ எடுத்தார்கள். அதைக் கேள்விப்பட்டு நானும் மாடிக்குப் போய் இரண்டு மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். கிடைத்தது கழுத்துச் சுளுக்கு.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சூரியன் கக்கும் மின்துகள்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. வாணவேடிக்கை அங்கேதான். நாம் இருப்பதோ காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில். கல்யாண வீட்டில் கடைசிப் பந்தி மாதிரி, நமக்கு வந்து சேர்வதற்குள் பாயசம் தீர்ந்துவிடும்!

வேடிக்கை போகட்டும், வில்லங்கத்தைக் கேளுங்கள். 1989 மார்ச் 13-ந் தேதி இப்படி ஒரு புயல் அடித்து, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் கரண்ட் போனது. மொத்த மாகாணமும் இருட்டாக ஒன்றரை நிமிஷம்தான் ஆயிற்று. 60 லட்சம் பேர், 9 மணி நேரம் இருட்டில்! 1859-ல் வந்தது இதற்கெல்லாம் பெரியண்ணன். தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்ததாம். அப்போது உலகத்திடம் இருந்தது தந்தி மட்டும்தான். இன்றைக்கு சாட்டிலைட், செல்போன், ஜி.பி.எஸ்., நம் சம்பளம் போய் விழுகிற பாங்க் கம்ப்யூட்டர்... எண்ணிப் பாருங்கள், வயிறு கலங்கும்.

இத்தனையும் செய்கிற ஆசாமியை யாராவது தினமும் கண்காணிக்க வேண்டாமா? கண்காணிக்கிறார்கள். நம் கோடைக்கானலில், 120 வருஷத்துக்கும் மேலாக!

அந்த டிசம்பரிலேயே கிளம்பினோம். வத்தலக்குண்டு தாண்டியதும் பஸ் வளைய ஆரம்பித்தது. மச்சினன் முறுக்கை நிறுத்திவிட்டு எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்தான். ஏரியிலிருந்து ஆப்சர்வேட்டரிக்கு மேலும் ஏற்றம். உயரம் 2,343 மீட்டர். ஊரிலேயே உயரமான இடங்களில் ஒன்று. போய் இறங்கினால்... மேகம்! சூரியன் இருந்த சுவடே இல்லை.

"லீவுங்களா?" என்று மச்சினன் வானத்தைக் காட்டிக் கேட்டான். அங்கிருந்த பெரியவர் சிரித்தார். "காலையில நல்லா இருந்துச்சு தம்பி. கொஞ்சம் இருங்க, வரும்" என்றார், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

காத்திருந்த நேரத்தில் கதை கேட்டேன். 1876-ல் ஆரம்பித்து மூன்று வருஷம் சென்னை ராஜதானியை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கில் ஜனங்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் வரும் மாறுதலுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி எழுந்தது. அதைப் பார்க்கத்தான் இந்த இடமே. நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இருந்த வான் ஆராய்ச்சிக்கூடத்தின் வேலை 1899-ல் மலையேறியது. மோட்டார் ரோடு இல்லாத மலை அப்போது. 1904-லிருந்து தினமும் சூரியனைப் போட்டோ பிடித்துச் சேர்த்து வருகிறார்கள். 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியப் புள்ளியின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை இங்கேதான் கண்டுபிடித்தார். உலகம் பூராவும் புத்தகங்களில் அதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றே பெயர்.

சரி, மழைக்குச் சூத்திரம் கிடைத்ததா? இல்லை. புள்ளியை எண்ணி மழையைச் சொல்லும் வித்தை கைகூடவில்லை. அதற்காகக் கடையை மூடவும் இல்லை. தினம் ஒரு படம், தினம் ஒரு வரவு.

பி.காம். படித்த மூளைக்கு இந்த இடம்தான் உறைத்தது. சூரியப் புள்ளிகள் கூடிக் குறைய சுமார் 11 வருஷம் ஆகிறது. அதாவது சூரியனின் ஒரு கணக்காண்டு, நமக்குப் பதினொரு வருஷம். ஒரு மனுஷன் சர்வீஸில் சேர்ந்து ரிட்டயர் ஆவதற்குள் மூன்று கணக்காண்டு பார்த்தால் அதிகம். எது வழக்கமான வரவு, எது அசாதாரணம் என்று அதை வைத்து எப்படிச் சொல்வது? பழைய பேரேடு வேண்டும். ஒருவர் எழுதி, அடுத்தவர் எழுதி, அதற்கடுத்தவர் எழுதிய பேரேடு. புயலைப் புரிந்துகொள்ள, புயல் இல்லாத நாளின் கணக்கும் வேண்டும்.

"மேகமா இருந்தா என்ன சார் பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"மேகம்னு எழுதி வைக்க வேண்டியதுதான்" என்றார் பெரியவர்.

எனக்குச் சுருக்கென்றது.

என் அப்பா காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் 38 வருஷம் கணக்கு எழுதியவர். வீட்டுக்கு வந்தும் எழுதுவார். தினம் ஒரு பக்கம். பால் எத்தனை, வெயிலா மழையா, கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது. ஒன்றுமே நடக்காத நாளில் 'விசேஷம் இல்லை' என்று ஒரு வரி. "விசேஷம் இல்லேன்னா எதுக்குப்பா எழுதறீங்க?" என்று நான் கிண்டல் அடிப்பேன். அவர் பதில் சொன்னதில்லை. சில வருஷம் முன் வீடு மாறியபோது, இடத்தை அடைக்கிறது என்று அந்த 41 நோட்டுகளையும் பழைய பேப்பர் கடையில் போட்டேன். கிலோ 8 ரூபாய். அப்பா அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்குப் போய்ப் புது நோட்டு ஒன்று வாங்கி வந்தார்.

"மாமா, வந்துருச்சு!" என்று மச்சினன் கத்தினான்.

உள்ளே ஓடினோம். வெள்ளைத் திரையில் சூரியன்! (வெறும் கண்ணால் நேராகப் பார்க்கக் கூடாது. பார்வை போய்விடும். இப்படித் திரையில்தான் பார்க்க வேண்டும்.) வட்டமாக, சாதுவாக, வெண்பொங்கலில் மிளகு கிடப்பதுபோல் ஐந்தாறு கறுப்புப் புள்ளிகள். அதில் சின்ன மிளகுகூட நம் பூமி அளவுக்கு இருக்கலாமாம். மே மாதம் புயலைக் கிளப்பிய புள்ளிக்கூட்டத்தின் அகலமோ பூமியைப் போல் 15 மடங்குக்கு மேல். போட்டிங், சாக்லேட் எல்லாவற்றையும் மறந்து வாயைப் பிளந்து நின்றான் மச்சினன். பத்து நிமிஷம். மறுபடி மேகம்.

இன்றைக்கு இந்தக் காவலுக்கு வானத்திலும் ஆள் போட்டாயிற்று. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டரில் நின்று சூரியனைப் பார்க்கிறது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம்ம செங்கோட்டைக்காரர். அதிலுள்ள முக்கியமான கருவி ஒன்றைச் செய்தது, கோடைக்கானல் கூடத்தை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம். பேரேடு மூடவில்லை, பக்கம்தான் புதுசு.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன். இங்கே பார்த்ததையெல்லாம் சொன்னேன். சொல்ல வந்தது அது இல்லை. "அந்தப் பழைய நோட்டெல்லாம்... நான் போட்டிருக்கக் கூடாதுப்பா" என்றேன், ஒரு வழியாக.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அது கெடக்கட்டும். அங்க இன்னிக்கு வெயிலா, மேகமா?"

"மேகம்தாம்பா. நடுவுல ஒரு பத்து நிமிஷம் சூரியன் வந்துச்சு."

"எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணே காலுக்கு."

"இரு, பேனா எடுத்துக்கறேன்" என்றார் அப்பா.